நிறைந்த ஏட்டின் கோடுகளைத் திருத்துதல்

வெற்றேட்டில் கோடு கிழித்தல் எவர்க்கும் எளிது. ஆண்டுகள் பலவாக எழுதி நிறைந்த கணக்கேட்டில், எழுதியவற்றுள் ஒரு வரியும் சிதையாவண்ணம் கோடுகளை மட்டும் மாற்றி வரைதலோ மிகவும் அரிது. முன்னாளில் கணக்கெழுதுவோர் கலங்கள் போதாத பழைய ஏட்டை ஒருபால் விரித்து வைத்துக்கொண்டு, புதிய ஏட்டில் ஒவ்வொரு பதிவாகப் பெயர்த்தெழுதி, இரண்டையும் ஒப்புநோக்கிச் சரிபார்த்த பின்னரே பழையதைக் கட்டிப் பரணில் ஏற்றுவர். இந்நாளில் அதே தொழிலை நம் கலாசாலைகளினின்று வெளியேறும் இளைஞர் கணிப்பொறியின் முன்னமர்ந்து செய்கின்றனர். ஒரு கட்டளையைத் தட்டிய அளவில், இலட்சக்கணக்கான பதிவுகளைத் தாங்கிய ஏடு சிறிது போழ்தில் வேறுருக் கொள்ளுகின்றது. இவ்விரைவு வியக்கத்தக்கதே. ஆயினும், ஒப்புநோக்கும் பழைய வழக்கம் இவ்விரைவில் அடித்துச் செல்லப்படலாகாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணிதம் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் ஒருங்கே படிக்கும் மலர் இதுவாதலின், சில சொற்களை முதற்கண் விளக்குதல் நம் கடன். வலைச்செயலி ஒன்று தன்பால் வரும் செய்திகளை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் இடம் தரவுத்தளம் எனப்படும். அட்டவணையின் நெடுக்குப் பிரிவுகளை, ரெவினியூ ஏடுகளின் வழக்கைப் பின்பற்றி, கலங்கள் என்போம். எந்த அட்டவணையில் எந்தெந்தக் கலங்கள் உள, ஒவ்வொரு கலத்திலும் எவ்வகைச் செய்தி எவ்வளவில் அடங்கும் என்னும் வரையறையே தரவுத்தளத்தின் அமைப்பாகும். செய்திகளை இங்ஙனம் அட்டவணைகளாகவும் அவற்றிடையே உள்ள உறவுகளாகவும் வைத்தாளலாம் என்னும் கொள்கையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்பார் 1970-இல் வெளியிட்டார்.

நிரல் எழுதுவோரோ அட்டவணைகளைக் கொண்டு எண்ணுவதில்லை. 'மாணவர்', 'பாடம்', 'கட்டணம்' என்று பொருள்களாகவே கருதித் தம் நிரலை வகுப்பர். அப்பொருள்களுக்கும் தரவுத்தளத்தின் அட்டவணைகளுக்கும் இடையே நின்று, ஒன்றன் மொழியை மற்றொன்றன் மொழியிற் பெயர்த்துரைக்கும் கருவி ஓ.ஆர்.எம். என வழங்கப்படுகின்றது. கம்பெனியார் காலத்துச் சென்னைப் பட்டினத்தில் துபாஷிகள் செய்த தொழில் போன்றது அது. நிரலில் ஒரு பொருளுக்குப் புதிய பண்பொன்றைச் சேர்த்தால், தரவுத்தளத்திலும் அதற்கொரு கலம் சேர்தல் வேண்டும். அம்மாற்றத்தைக் கோப்பாக எழுதி, முறைப்படுத்தி, அச்செயலி எங்கெங்கு இயங்குகின்றதோ அங்கெல்லாம் அதே வரிசையில் நிறைவேற்றும் ஏற்பாட்டிற்கு மைக்ரேஷன் என்று பெயர். ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் சட்டகம் இம்முறையை 2005-ஆம் ஆண்டு முதற் பரப்பியது. பைத்தான் மொழியினர் கையாளும் ஜாங்கோவில் இவ்வசதி தொடக்கத்தில் இருந்ததில்லை. ஆண்ட்ரூ காட்வின் என்பார் 2008-இல் சவுத் என்னும் தனிக் கருவியை இயற்றி அக்குறையை நீக்கினார். பின்னர், 2013-இல் பொதுமக்கள் அளித்த பொருளுதவி கொண்டு அவர் மேற்கொண்ட பணி, 2014 செப்டம்பரில் வெளிவந்த ஜாங்கோ 1.7-ஆம் பதிப்பிலேயே நிலைபெற்றது. எஸ்க்யூஎல்-ஆல்கெமி என்னும் ஓ.ஆர்.எம்.மைப் பயில்வோர்க்கு அலெம்பிக் என்னும் கருவி அவ்வாறே உதவுகின்றது. ஜாங்கோவும் அலெம்பிக்கும் பழைய வடிவையும் புதிய வடிவையும் ஒப்பிட்டு, வேண்டிய மாற்றக் கட்டளைகளைத் தாமே வரைந்து தர வல்லன.

தாமே வரைந்து தருகின்றன என்னும் இவ்விடத்தில்தான் நம் வாதம் தொடங்குகின்றது. கருவி தருவது ஒரு வரைவு மாத்திரமே. அவ்வரைவை மனிதர் ஒருவர் எழுத்தெழுத்தாக வாசித்து, அதன் பொருளை உணர்ந்து, வேண்டியவிடத்துத் திருத்தி, தம் பொறுப்பில் ஒப்பமிட்ட பின்னரே மக்களின் பதிவுகள்மேற் செலுத்துதல் வேண்டும் என்பது நம் கொள்கை. இது கருவிகளை இயற்றியோர்க்கும் உடன்பாடே. அலெம்பிக்கின் கையேடு, தானே வரையும் கட்டளைகள் பிழையற்றவை அல்ல என்றும், அவற்றை எப்பொழுதும் கண்ணுற்றுத் திருத்தல் வேண்டும் என்றும் ஒளியாது கூறுகின்றது. ஜாங்கோவின் கையேடும் அத்தகைய எச்சரிக்கையைத் தருகின்றது. கருவியாளர் கூறும் எச்சரிக்கையைக் கருவியைக் கையாள்வோர் மறத்தலே இன்றைய குறை.

இஃது ஏதோ பொறியாளர்க்குள் நிகழும் வழக்கு என்று பிறர் கருதி விலகுதல் வேண்டா. பட்டா நகலும், சாதிச் சான்றும், வருமானச் சான்றும், கல்வி உதவித்தொகையும், பரீட்சை முடிவும் இன்று வலைவழியே வருகின்றன. இவையனைத்தின் பின்னும் தரவுத்தளங்கள் உள. அவற்றுள் ஒரு கலம் பிழைபடின் கணிப்பொறி வருந்துவதில்லை. தன் தந்தையின் பெயர் சான்றில் வேறாக அச்சிட்டிருப்பது கண்டு, ஒரு நாட்கூலியை இழந்து தாலுகா அலுவலகத்தின் முன் நிற்கும் ஏழையே வருந்துவான்.

கூறியதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். கலாசாலை ஒன்றின் பழைய மாணவர் பதிவேடு தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டுள்ளதென்று கொள்வோம். அதில் 'பெயர்', 'ஊர்', 'மாவட்டம்', 'சேர்ந்த ஆண்டு' என நான்கு கலங்கள் இருக்கட்டும். வத்திராயிருப்பை அடுத்து, மேற்குமலைத் தொடரின் சாரலில் உள்ள மகாராஜபுரத்தினின்று பல காலத்தும் மாணாக்கர் பலர் வந்து சேர்ந்தனர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வூரை உட்கொண்டிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா, 1910-க்கு முன் திருநெல்வேலி ஜில்லாவைச் சார்ந்திருந்தது. அவ்வாண்டில் இராமநாதபுரம் ஜில்லா புதிதாக ஏற்பட்டபொழுது அதனுட் சென்றது. 1985-இல் இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபொழுது காமராசர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1997-இல் அம்மாவட்டமே விருதுநகர் மாவட்டம் என்னும் பெயரைப் பெற்றது. எனவே, 1983-இல் சேர்ந்தவர் இராமநாதபுரம் என்றும், 1990-இல் சேர்ந்தவர் காமராசர் என்றும், 2001-இல் சேர்ந்தவர் விருதுநகர் என்றும் எழுதியிருப்பர். மூவரும் ஒரே தெருவினராகவும் இருத்தல் கூடும்.

இப்பொழுது, எல்லாப் பதிவுகளையும் இக்கால மாவட்டப் பெயர்க்கு மாற்றுக என்று ஆணை பிறக்கின்றது. அவசரக்காரர் 'இராமநாதபுரம்' என்றிருக்கும் இடமெல்லாம் 'விருதுநகர்' என்று மாற்றும் ஒருவரிக் கட்டளையை மைக்ரேஷனில் எழுதிவிடுவர். கட்டளை பிழையின்றி நிறைவேறும். திரையிற் குற்றம் ஏதும் தோன்றாது. ஆயின், 1983-இல் பரமக்குடியிலிருந்து வந்தவரும் காரைக்குடியிலிருந்து வந்தவரும் அக்கணமே விருதுநகர் மாவட்டத்தாராய்விடுவர். பரமக்குடி இராமநாதபுரத்திலேயே நின்றதும், காரைக்குடி இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருப்பதும் அக்கட்டளைக்குத் தெரியா. தெரிந்திருக்க வேண்டியவர் அதனை எழுதியவர்.

இனி, ஊரின் பெயரைக் கொண்டே எல்லாம் அறியலாம் எனின், அதுவும் ஆகாது. தஞ்சைச் சீமையிலும் ஒரு மகாராஜபுரம் உண்டு. சங்கீத வித்வான் விசுவநாத ஐயர் தம் பெயருக்கு முன் தாங்கிய ஊர் அதுவே. 'ஒரு பெயர்க்கு ஓர் ஊர்' என்று தரவுத்தளத்தில் விதி செய்தால், இரண்டு மகாராஜபுரங்களுள் ஒன்றற்கு இடமில்லாமற் போகும். இதற்கு முறையான தீர்வு யாது? ஒவ்வோர் ஊர்க்கும் மாறாத எண்ணொன்றைத் தந்து, ஊர்களைத் தனி அட்டவணையாக்குதல் வேண்டும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த மாவட்டம் என்பதை வேறோர் அட்டவணையில் எழுதுதல் வேண்டும். மாணவர் பதிவு ஊரின் எண்ணை மட்டும் சுட்டுதல் வேண்டும். மாணவர் தாம் எழுதித் தந்த சொல்லும் அழியாது இருத்தல் வேண்டும். இவ்வட்டவணைகளை உண்டாக்கும் கட்டளைகளைக் கருவி நொடியில் வரைந்துவிடும். பழைய பதிவுகளுள் எது எந்த ஊரைச் சுட்டுகின்றது என்று தெளிந்து நிரப்பும் பகுதியை மனிதரே எழுதுதல் வேண்டும். அமைப்பு கருவிக்குப் புலனாம். பொருள் அதற்குப் புலனாகாது. துபாஷிக்கு இரு மொழியும் தெரியும். சாசனத்தில் எழுதிய நிலம் எவருடையது என்பது தெரியாது.

பெயர் மாற்றத்தில் இக்குறை இன்னும் தெளிவாய்த் தோன்றும். 1969 ஜனவரி 14-ஆம் நாள் சென்னை மாகாணமாயிருந்த நம் நாடு தமிழ்நாடு என்னும் பெயர் பூண்டது. அன்று எவரும் ஒரு நாடு அழிந்து மற்றொரு நாடு பிறந்ததென்று கருதவில்லை. மக்களும் நிலமும் கடனும் உரிமையும் நின்றவாறே நின்றன. நிரலில் 'மாவட்டம்' என்னும் பண்பின் பெயரை 'பிறந்த மாவட்டம்' என்று மாற்றினால், கருவியோ இதனை வேறுவிதமாகக் காணும். பழைய வடிவில் ஒரு கலம் இல்லை. புதிய வடிவில் ஒரு கலம் மிகுதி. அலெம்பிக் இதைப் பெயர் மாற்றம் என்று உணராது, 'பழைய கலத்தை அழி, புதிய கலத்தைச் சேர்' என்றே வரைந்து தரும். ஜாங்கோ அறிவுடன், 'இது பெயர் மாற்றமோ?' என்று வினவும். வினாவை வாசியாது 'அன்று' என விடுத்தாலும், வினவ இடமின்றித் தானியங்கியாய்ச் செலுத்தினாலும், பெயரோடு வகையையும் ஒருசேர மாற்றினாலும், அதுவும் அழித்துச் சேர்த்தலாகவே முடியும். சேர்ந்த புதிய கலம் அழகாயிருக்கும். அதனுள் ஒன்றும் இராது. ஐம்பது ஆண்டுச் செய்தி ஒரு வரியில் ஒழிந்திருக்கும்.

பிற நாட்டார் வகுத்த வடிவுகளை அப்படியே ஏற்பதிலும் இடரொன்று உண்டு. ஜாங்கோ இயல்பாகத் தரும் பயனர் அட்டவணையில், முதற்பெயர்க்கு ஒரு கலமும் இறுதிப்பெயர்க்கு ஒரு கலமும் உள. மேனாட்டார்க்கு அவ்விறுதிப்பெயர் குடும்பத்தின் பெயர். நமக்கோ பெயரின் முன்னிற்கும் எழுத்துத் தந்தையின் பெயரையும், சிலர்க்கு ஊரின் பெயரையும் குறிக்கும். நம் பழைய பதிவேட்டின் 'பெயர்' கலத்தை இடைவெளி கண்டவிடத்து இரண்டாக வெட்டி, முன்பாதியை முதற்பெயர் என்றும் பின்பாதியை இறுதிப்பெயர் என்றும் நிரப்பும் மைக்ரேஷன் என் செய்யும்? தந்தையின் தலையெழுத்தே மகனின் முதற்பெயராய்விடும்! இத்தகைய வெட்டினைத் திரும்ப ஒட்டவைத்தலும் எளிதன்று. பெயரை ஒரே கலத்தில் முழுமையாய் வைத்து, வேண்டுமேல் தலையெழுத்துக்குத் தனிக் கலம் ஒன்று சேர்த்தலே நம் வழக்கிற்குப் பொருந்தும்.

எழுத்தின் அளவையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்னும் சொல்லில் நம் கண்ணுக்கு எட்டு எழுத்துகளே உள. யூனிகோடு முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுதலின், தரவுத்தளத்திற்கு அவை பதினெட்டு. ஊர்ப்பெயர்க்குப் பதினைந்து எழுத்துப் போதும் என்றெண்ணிக் கலத்தைச் சுருக்குவோமாயின், மகாராஜபுரம் பதினொன்றில் அடங்கித் தப்பும், ஸ்ரீவில்லிபுத்தூர் தப்பாது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம் அடங்காத சொல் இருத்தல் கண்டு அம்மாற்றத்தையே மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் கடுமுறையில் இயங்காவிடத்து, சொல்லின் வாலை வெட்டி எறிந்துவிட்டு மெல்ல எச்சரிக்கை ஒன்றை மாத்திரம் விடுக்கும். அவ்வெச்சரிக்கையை வாசிப்பவர் எத்துணைப் பேர்?

இதுகாறும் பொருளைப் பற்றிக் கூறினோம். இனிக் காலத்தைப் பற்றிக் கூறுவோம். மைக்ரேஷன் நிகழும் நேரத்தில் உலகம் நின்றுவிடுவதில்லை. பெரிய செயலிகள் பல கணிப்பொறிகளில் ஒரே சமயத்தில் இயங்குவன. புதிய நிரல் ஒன்றில் ஏறிக்கொண்டிருக்கையில் பழைய நிரல் மற்றொன்றில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய நிரல் தேடும் கலத்தைப் புதிய மைக்ரேஷன் அழித்திருப்பின், அந்நேரத்தில் வந்தோர்க்கெல்லாம் பிழைச்செய்தியே கிட்டும்.

இவ்விடரைக் கடக்கும் வழியை நம் தேசத்தின் நாணய வரலாறு நன்கு காட்டுகின்றது. 1957 ஏப்ரல் 1-ஆம் நாள் இந்தியா ரூபாய், அணா, பைசா என்னும் பழைய கணக்கை விடுத்துத் தசாம்ச முறையை மேற்கொண்டது. பதினாறணா கொண்ட ரூபாய் நூறு நயா பைசா ஆயிற்று. பழைய நாணயங்களை அன்று மாலைக்குள் ஒப்படைக்க வேண்டுமென்று அரசினர் ஆணையிடவில்லை. இருவகை நாணயங்களும் சில ஆண்டுகள் கடைத்தெருவில் ஒருங்கே வழங்கின. ஓரணாவிற்கு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவைத் தர நாணயமில்லை. ஆகவே முழு எண்ணாக்கிக் கொள்ளும் முறையும் வகுக்கப்பட்டது. மக்கள் பழகிய பின், 1964 ஜூன் 1 முதல் 'நயா' என்னும் அடைமொழியும் நீங்கியது. புதியதைச் சேர்த்தல், இரண்டையும் உடன் நடத்துதல், பழையதை விலக்குதல் என மூன்று படிகளில் அம்மாற்றம் நிறைவேறியது.

மைக்ரேஷனுக்கும் இதுவே தக்க நெறி. நம் பதிவேட்டில் 'ஊர்' என்னும் சொற்கலத்திற்கு மாற்றாக ஊரெண் கலத்தைக் கொணர வேண்டுமாயின், முதல் மைக்ரேஷனில் வெற்றிடமாய் இருக்கவும் இசைவு தந்து புதிய கலத்தைச் சேர்த்தல் வேண்டும். அடுத்து, புதிய பதிவு வருந்தோறும் இரு கலத்திலும் எழுதுமாறு நிரலைத் திருத்துதல் வேண்டும். பின்னர்ப் பழைய பதிவுகளைச் சிறுசிறு தொகுதிகளாய் நிரப்புதல் வேண்டும். நிரம்பியவை எத்தனை, ஐயத்திற்கு இடமானவை எத்தனை என்று எண்ணிச் சரிபார்த்து, படிக்கும் நிரலைப் புதிய கலத்திற்கு மாற்றுதல் வேண்டும். பழைய கலத்தை எவரும் தேடுவதில்லை என்று சில வாரங்கள் கண்டு தெளிந்த பின்னரே, இறுதி மைக்ரேஷன் அதனை விலக்குதல் தகும். ஒரு நாளில் முடிவதை ஒரு திங்களாக்குகின்றீர் என்பார் உளர். ஒரு நாளில் முடிந்ததைச் சீர்ப்படுத்தப் பல திங்கள் வேண்டியிருந்த வரலாறு அவர்க்கு விடை கூறும். இங்கிலாந்தில் டி.எஸ்.பி. என்னும் வங்கி, 2018 ஏப்ரலில், ஏறத்தாழ ஐம்பத்திரண்டு இலட்சம் வாடிக்கைக்காரரின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய கணிப்பொறி அமைப்பிற்கு மாற்ற முற்பட்டது. பத்தொன்பது இலட்சம் பேர் தம் கணக்கைத் திறக்கவியலாது திகைத்தனர். வங்கி இயல்பு நிலைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. 2022-இல் அந்நாட்டு மேற்பார்வை அதிகாரிகள் நான்கு கோடியே எண்பத்தாறரை இலட்சம் பவுன் அபராதம் விதித்தனர். அது கலமொன்றைத் திருத்தும் சிறு மைக்ரேஷன் அன்று. முழு வங்கியின் இடப்பெயர்ச்சி. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே பாய்ச்சலிற் கடத்தலாம் என்னும் துணிவு இரண்டிற்கும் பொதுவே.

'பிழை நேர்ந்தால் பின்னோக்கிச் செலுத்தலாமே' என்று மாணாக்கர் கேட்பர். மைக்ரேஷன் கோப்புகளில் முன்னோக்கும் கட்டளையும் பின்னோக்கும் கட்டளையும் இருத்தல் உண்மை. எனினும், அழித்த கலத்தைப் பின்னோக்கிய கட்டளை மீண்டும் உண்டாக்குமேயன்றி, அதனுள் இருந்த செய்தியை மீட்டுத் தாராது. கிணறு தூர்ந்தபின் கைப்பிடிச் சுவரை மட்டும் எழுப்பியது போலாம். போஸ்ட்கிரெஸில் அமைப்பு மாற்றங்களை ஒரே கட்டாகக் கட்டி, இடையிற் பிழை நேரின் முழுவதையும் கைவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வோர் அமைப்புக் கட்டளையும் உடனே உறுதியாய்விடுதலின், ஐந்தில் மூன்று முடிந்து நின்ற மைக்ரேஷன் ஏட்டை அரைகுறையாகவே விட்டுச் செல்லும். இவ்வேற்றுமையை அறியாது ஒரே பாடத்தை இரண்டிற்கும் ஒப்புவித்தல் ஆபத்து.

ஆகவே காப்புப் படியே இறுதிப் புகலிடம். அதுவும் திறந்து பார்த்த காப்புப் படியாய் இருத்தல் வேண்டும். 2017 ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர், ஒரு கணிப்பொறி என்று கருதி மற்றொன்றில் இருந்த தரவுகளை அழித்துவிட்டார். அவ்வேளையில், நம்பியிருந்த காப்பு முறைகள் பல செயலற்றுக் கிடந்தமை வெளியாயிற்று. ஆறு மணிநேரத்திற்கு முன் எடுத்திருந்த ஒரு படியே நிறுவனத்தைக் காத்தது. இடைப்பட்ட மணிகளின் பதிவுகள் மறைந்தன. அந்நிறுவனம் நிகழ்ந்ததை ஒளியாது உலகிற்கு உரைத்தமை போற்றத்தக்கது. அதனினின்று பாடம் கல்லாமை போற்றத்தக்கதன்று.

கூட்டாகப் பணி புரிவோர்க்கும் சில ஒழுக்கங்கள் வேண்டும். இரு மாணாக்கர் ஒரே நாளில் தனித்தனியே ஏழாம் மைக்ரேஷனை வரைந்தால், ஜாங்கோ 'கிளை இரண்டாயிற்று' என்று தடுத்து நிறுத்தும். இரண்டையும் இணைக்கும் கோப்பை அதுவே வரைந்து தரவும் கூடும். ஆயின், இரண்டும் ஒரே கலத்தைத் தொடுகின்றனவா, எது முன் எது பின் என்பதை இருவரும் அமர்ந்து பேசியே துணிதல் வேண்டும். ஒரு முறை மெய்யான தரவுத்தளத்தில் நிறைவேறிய மைக்ரேஷன் கோப்பைப் பின்னர்த் திருத்துதல் ஒருபோதும் ஆகாது. பதிவு செய்த பத்திரத்தில் பிழை காணின், அதனைச் சுரண்டி எழுதாது, பிழைதிருத்தற் பத்திரம் ஒன்றைப் புதிதாய்ப் பதிவு செய்வதன்றோ முறை?

எதிர்வாதம் இரண்டு உண்டு. அவற்றையும் நேர்மையாய் எடுத்தாள்வோம். ஒரு சாரார், கருவியை முற்றும் விலக்கி, எல்லாக் கட்டளைகளையும் எஸ்க்யூஎல் மொழியில் கையாலேயே எழுதுதல் வேண்டும் என்பர். அவர் கூற்றில் உண்மை உண்டு. எனினும், கையால் எழுதுவோர் கலமொன்றை மறத்தலும், சோதனைக் கணிப்பொறியில் செய்ததை மெய்யான கணிப்பொறியில் செய்யாது விடுதலும் இயல்பு. வரிசை தவறாமையும் மறதியின்மையும் கருவியின் நற்குணங்கள். அவற்றை இழத்தல் வேண்டா. மற்றொரு சாரார், சிறிய செயலிக்கு இத்துணைக் காவல் எதற்கு என்பர். சிறிது பெரிது என்பது பதிவுகளின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. நாற்பது பேரே உறுப்பினராய் உள்ள பால் சங்கமாயினும், அவர்தம் பால்கணக்கு அவர்க்கு உயிர். வெற்றேடாய் இருக்கும்வரை விரும்பியவாறு அழித்தெழுதுக. முதல் மனிதரின் முதற் பதிவு ஏறிய நாள் முதல் ஏட்டிற்கு உரியவர் வேறு, அதனைக் காப்பவர் வேறு என்பதை உணர்க.

இனி, நம் கலாசாலைகள் செய்யத்தக்கது யாது? இன்று தரவுத்தளப் பாடம் பெரும்பாலும் வெற்றுத் தளத்தை அழகுற வகுத்தலோடு முடிகின்றது. பரீட்சையில் அட்டவணை வரையச் சொல்லுகின்றோம். நிறைந்த அட்டவணையைத் திருத்தச் சொல்லுகின்றோமில்லை. வெளியே சென்ற பட்டதாரியோ பிறர் வகுத்த, ஆண்டு பலவாய் நிறைந்த தளங்களையே முதல் நாள் முதல் எதிர்கொள்ளுகின்றான். இத்தொழில் சென்னையோடு நின்றதும் அன்று. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் தொடங்கியது. ஊரிலிருந்தே இப்பணி செய்யும் இளைஞர் பெருகும் காலம் இது. ஆதலின் நாம் வேண்டுவன மூன்று.

முதலாவது, செய்முறை வகுப்பில் கற்பனைப் பெயர்களால் நிரப்பிய பெரிய பதிவேடு ஒன்றை மாணாக்கர் கையிற் கொடுத்து, மேலே கூறிய மாவட்ட மாற்றத்தையும் பெயர் மாற்றத்தையும், ஒரு பதிவும் சிதையாமற் செய்து காட்டச் சொல்லுதல் வேண்டும். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் பதிவுகளை எண்ணி ஒப்பிட்டுக் காட்டுதல் மதிப்பெண்ணின் பாதியாதல் வேண்டும். இரண்டாவது, கருவி வரைந்த மைக்ரேஷனை எஸ்க்யூஎல் மொழியிற் பெயர்த்துக் காணும் வசதி ஜாங்கோவிலேயே இருத்தலின், அதனைத் துணைக்கொண்டு ஒவ்வொரு வரியும் யாது செய்யும் என்று மற்றொரு மாணவர் முன் வாய்விட்டு விளக்கிய பின்னரே செலுத்துதல் வேண்டும். மூன்றாவது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் காப்புப் படியினின்று முழுத் தளத்தையும் மீட்டெடுக்கும் பயிற்சி நடைபெறுதல் வேண்டும். இவற்றிற்குப் புதிய கட்டடமோ பெரும்பொருளோ வேண்டா. தமிழ்த் துறையாரும் வரலாற்றுத் துறையாரும் துணை நிற்பின் இன்னும் நலம். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் அவர் அறிந்த பொருளன்றோ?

கருவிகள் நாளுக்கு நாள் கூர்மை பெறும். இன்று பெயர் மாற்றத்தை உணராதது நாளை உணரலாம். செயற்கை நுண்ணறிவு மைக்ரேஷனை எழுதுவதோடு அமையாது, அதன் நன்மை தீமைகளையும் எடுத்துக் கூறலாம். அவற்றை மகிழ்ந்தேற்போம். ஆயினும், ஒரு பதிவு தன் கையிற் கெட்டபொழுது, 'கருவி அவ்வாறு வரைந்தது' என்று கூறித் தப்பும் உரிமை ஒருவர்க்கும் இல்லை. மகாராஜபுரத்து முதியவர் ஒருவர் தம் பெயரும் ஊரும் ஏட்டில் உள்ளபடி உளவா என்று கேட்கும்பொழுது, 'உள்ளன. நாமே வாசித்துச் சரிபார்த்தோம்' என்று விடையிறுக்கத்தக்க பட்டதாரிகளை நம் கலாசாலைகள் உருவாக்குக என்பதே நம் வேண்டுகோள்.